பனைமூட்டுக் குழியும் ஒரு மனுவும்

1

அந்த அட்டை போன வாரம் தபாலில் வந்தது. மின்சாரக் கட்டண ரசீதுக்கும் பீட்சாக் கடை விளம்பரத்துக்கும் நடுவில் கிடந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கலாம், வெளியே போய்விட்டுத் திரும்பியும் வரலாம் என்று சொல்லும் அட்டை. அதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்தேன். அத்தனை வருடமும் ஊர்ப்பக்கம் போகவில்லை. ஒரு வருடம் வேலை மாறினேன்; ஒரு வருடம் "இப்போது வெளியே போனால் விசா முத்திரைக்கு உத்தரவாதம் இல்லை" என்று வக்கீல் சொன்னார்; அப்புறம் கொரோனா வந்தது; அப்புறம் கைரேகை காலாவதியாகிவிட்டது, மறுபடி வந்து வையுங்கள் என்றார்கள். கைரேகை எப்படிக் காலாவதியாகும் என்று கேட்கக்கூடாது. கேட்டால் இன்னொரு படிவம் தருவார்கள்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி டிசம்பருக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "பாளையங்கோட்டையில எறங்குன உடனே சேசு அண்ணன் வீட்டுக்குத்தான போவீங்க?" என்று கேட்டாள். வேறு சமயமாயிருந்தால் அதற்கு நான் பதில்கூடச் சொல்லமாட்டேன், அவ்வளவு உறுதியான விஷயம். இந்தத் தடவை கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

சேசுவுக்கு நான் ஒரு துரோகம் செய்திருக்கிறேன். பெரிய வார்த்தைதான். ஆனால் சின்ன வார்த்தை எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். வயல்காட்டுப் பையன். சேசடிமை உவரிக்காரன், மீன்பிடிக்கிற வீடு. பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு பேரும் கால்பந்து அணிக்குள் வந்துவிட்டோம். அவன் பனை உயரம். கட்டுமரத்தில் நின்று பழகிய கால், யார் இடித்தாலும் அசையாது. நான் இடது பின்களத்தில் நிற்பேன். எனக்கு ஓட்டம் கிடையாது, தந்திரம் கிடையாது. ஒன்றே ஒன்று வரும். இடது காலால் பந்தைத் தூக்கி, அறுபது கெஜம் தாண்டி, சேசுவின் நெற்றியில் கொண்டுபோய் வைப்பேன். அவன் முட்டுவான். கோல்.

மூன்று வருடம் இதே கதைதான். எதிரணிக்காரர்களுக்குத் தெரியும், நடுவருக்குத் தெரியும், மதில் மேல் உட்கார்ந்து பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. நான் காலைப் பின்னால் இழுத்ததுமே மதில்மேல் இருப்பவர்கள் "தூக்கு, தூக்கு" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த மைதானம் ஒரு லட்சணமான மைதானம் அல்ல. கிழக்கே சரிவு. நடுவில் சரளைக்கல். இடது மூலையில், கொடிக்கம்பத்திலிருந்து ஏழடி தள்ளி, எப்போதோ ஒரு பனைமரத்தை மூட்டோடு பிடுங்கிய குழி. மேலே புல் மூடியிருக்கும். முழங்கால்வரை உள்ளே போகும். அது எனக்கும் சேசுவுக்கும் மட்டும் தெரியும். கோச்சுக்குக்கூடத் தெரியாது. ஆட்டத்தன்று காலையில் நாங்கள் இரண்டு பேரும் முதலில் போய், குழியில் காய்ந்த புல்லை நிரப்பி, மேலே மண்ணைத் தூவிவிட்டு வருவோம். எதிரணியில் வலதுபக்கம் ஓடிவருகிறவன் ஒருவனாவது அதில் கால்விட்டு உட்காருவான். நான் பந்தை எடுத்துக்கொண்டு போவேன்.

யோக்கியமான வேலை இல்லைதான். அதனால்தான் சத்தியமே செய்தோம். அவன் அந்தோணியார் மேல், நான் எங்கள் சுடலைமாடன் மேல். இந்தக் குழி நம் இரண்டு பேருக்குள், செத்தாலும் வெளியே போகக்கூடாது என்று. இருபது வயதில் அப்படித்தான் சத்தியம் செய்வார்கள்.

3

இப்போது நான் அமெரிக்காவின் நடுப்பகுதியில், மக்காச்சோளக் காட்டுக்கு மத்தியில் ஒரு சின்ன ஊரில், குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ஆற்றுத் தண்ணீரைக் குப்பிகளில் பிடித்துக் கலங்கலும் உப்பும் பார்ப்பது என் வேலை. இங்கே என் பெயர் முத்து. முழுப்பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் முகத்தில் வந்த கஷ்டத்தைப் பார்த்துப் பாதியைக் கழித்துவிட்டேன்.

இந்த ஊரிலும் ஒரு கல்லூரி, ஒரு கால்பந்து அணி. கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற கால்பந்து. அதற்கு இந்த வருடம் புது கோச்சு வந்திருக்கிறார். முன்பெல்லாம் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறுவார்களாம். இவர் வந்ததிலிருந்து ஓயாமல் எறியச் சொல்கிறாராம். என்னோடு வேலை பார்க்கும் டேலுக்கு இது பிடிக்கவில்லை. அவன் அப்பா முட்டி மோதுவதைப் பார்த்து வளர்ந்தவர், அவனும் அப்படியே. காபி குடிக்கும்போதெல்லாம் புலம்புவான். ஒரு கோச்சு வந்து ஆட்டத்தை மாற்றியதற்கு இவ்வளவு மூக்கு சிந்துவதா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அப்படி அவனைப் பார்த்துச் சிரித்த நான், அதே மாதம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் கதை.

ஜூனில் சேசு அழைத்தான். "ஏலே, ஆர்டர் வந்துட்டுலே. நம்ம காலேஜுக்கு நாந்தான் கோச்சு" என்றான். அதுவரை ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தான். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இதில் சேர்ந்தான். "ஒரு வருசத்துக்குத்தான் போட்டுருக்காவ. நல்லா வந்துச்சுன்னா நிரந்தரம்னு சொல்லுதாவ. வராட்டி வீட்டுக்குத்தாம்லே. பழைய எடத்துல வேற ஆளு போட்டாச்சு." நியமனக் கடிதத்தைப் படம் எடுத்து எனக்குத்தான் முதலில் அனுப்பினான். நான் வீட்டுக் கூடத்தில் நின்று கத்தியதில் என் மகள் மதி மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

எங்கள் பழைய ஆட்டக்காரர்களுக்கும் ரசிகர்களுக்கும் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதை நடத்துகிறவர் காதர் அண்ணன். மேலப்பாளையத்துக்காரர், எங்களுக்கு நான்கு வருடம் மூத்தவர், சவுதியில் தம்மாமில் இருக்கிறார். சேசு கோச்சு ஆன அன்று குழுவில் வாணவேடிக்கைதான். இனிமேல் பழைய ஆட்டம் திரும்ப வந்துவிடும், பந்து ஆகாயத்தில் போகும் என்று எல்லாரும் எழுதினார்கள்.

முதல் ஆட்டம் தூத்துக்குடியில். யாரோ ஒருவர் கை நடுங்க எடுத்த காணொளித் துண்டுகளைக் குழுவில் போட்டார். பார்த்தால் பந்து தரையை விட்டு எழும்பவேயில்லை. இவன் அவனுக்குத் தட்டுகிறான், அவன் பின்னால் தட்டுகிறான், பின்னால் இருப்பவன் பக்கத்தில் தட்டுகிறான். இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். அடுத்த இரண்டு ஆட்டமும் வெளியூரில்தான், அவற்றிலும் தோல்வி.

காதர் அண்ணனின் குரல் பதிவு வந்தது. "என்னவே இது, பந்து வெளையாடுதானுவளா, பல்லாங்குழி ஆடுதானுவளா? சேசு தலையால முட்டி கோல் போட்ட காலேஜுவே இது. அவனே இப்பம் தூக்காதேங்கான். பைய பைய தட்டிக்கிட்டு நின்னா கோல் எப்பம் விழும், மவுத்தானதுக்கு அப்புறமா?"

அன்றிலிருந்து மூன்று வாரம் சண்டை. தோஹாவிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், டொரன்டோவிலிருந்து ஒருவர். நானும் எழுதினேன். எல்லாரையும்விட நீளமாக எழுதினேன். மதிய உணவு இடைவேளையில் குப்பிகளை அப்படியே வைத்துவிட்டு எழுதினேன். பாளையங்கோட்டையில் இருப்பவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பாருங்கள், பக்கத்தில் இருந்துகொண்டே அக்கறை இல்லை என்று அவர்களையும் திட்டினோம்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தெரிகிறது. பாளையங்கோட்டையில் என்னை யாராவது நினைவு வைத்திருந்தால் அந்தத் தூக்குக்காகத்தான். இங்கே நான் குப்பி கழுவுகிறவன். அங்கே நான் தூக்குகிறவன். அதை வாங்கி முட்டிய சேசுவே அது வேண்டாம் என்றால் நான் யார் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை ஆட்ட முறை, பாரம்பரியம் என்றெல்லாம் பெரிய வார்த்தைகளில் சுற்றிக் கொடுத்தேன்.

4

கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு கொடுப்பது என்று காதர் அண்ணன் முடிவு செய்தார். கோச்சை மாற்ற வேண்டும், அல்லது கோச்சு ஆட்டத்தை மாற்ற வேண்டும். "நீரு எழுதும்வே. ஒமக்குத்தான் தமிழு நிக்கும்" என்றார். எழுதினேன். ஆனால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சேசு என் நண்பன், மனசு கஷ்டப்படுவான் என்றேன். என்ன ஒரு கரிசனம்.

கடிதத்தைக் கணினியில் ஒழுங்காக அமைத்துத் தர மதியைக் கூப்பிட்டேன். பதினேழு வயது. சனிக்கிழமைகளில் முகத்தில் கல்லூரி அணியின் நிறத்தைப் பூசிக்கொண்டு டேலின் மகளோடு ஆட்டம் பார்க்கப் போகிறவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தட்டுத் தடுமாறுவாள். விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

"இது சேசு மாமாவைப் பத்தியா?"

"ஆமா."

"அவங்க உங்க பெஸ்ட் ஃப்ரெண்டுன்னு சொன்னீங்களே."

"அது வேற, இது வேற."

கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நான்கு பெயர்கள். இன்னொரு முறை எண்ணினாள். "உங்க பேர் எங்கப்பா?"

"பேரு முக்கியமில்லம்மா. விஷயம்தான் முக்கியம்."

"நீங்க அந்த கிரவுண்டைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"அந்த மைதானம் எனக்கு உள்ளங்கை நெல்லிக்கனி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, விளக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. வரிகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டு, "ஓகேப்பா" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

மனுவில் என் மூன்றாவது பத்திதான் பலமானது என்று எல்லாரும் பாராட்டினார்கள். நம் மைதானம் கிழக்கே சரிந்தது, நடுவில் சரளை, இடது மூலையில் கொடிக்கம்பத்திலிருந்து ஏழடி தூரத்தில் பனைமூட்டுக் குழி ஒன்று உண்டு, தரைப் பந்து அதில் விழுந்தால் ஆட்டமே நின்றுவிடும், இப்படிப்பட்ட மைதானத்தில் தரையோடு தட்டி ஆடச் சொல்கிற கோச்சுக்கு மைதானமே தெரியாது. இதுதான் சாரம். ஒரு வழக்கை ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில், சுடலை மேல் செய்த சத்தியம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

5

பத்து நாளில் முதல்வரிடமிருந்து பதில் வந்தது. காதர் அண்ணன் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். நான்கே வரி. தாங்கள் குறிப்பிடும் சரிவு, சரளை, குழி ஆகியவை ஏழு ஆண்டுகளுக்கு முன்பே சரிசெய்யப்பட்டு, மைதானம் முழுவதும் சமப்படுத்தப்பட்டுவிட்டது. மைதானத்தை நேரில் அறியாதவர்கள் பயிற்சி முறை பற்றிக் கருத்துக் கூறுவதை ஏற்க இயலாது. மனு முடித்து வைக்கப்படுகிறது.

சிறிது நேரத்தில் காதர் அண்ணன் கூப்பிட்டார். "ஒம்ம நம்பிக் கையெழுத்துப் போட்டேன்வே. கொடிக்கம்பம், ஏழடின்னு நேத்துப் போயி அளந்துட்டு வந்தவரு மாதிரி எழுதுனீரே. எம்மானம் கப்பலேறிட்டு." அவர் சொன்னது நியாயம்தான்.

மைதானத்தைச் சமப்படுத்தியதை எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம். குழுவின் பழைய பதிவுகளை மேலே தள்ளிக்கொண்டே போனேன். பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல், காலை வணக்கம் எல்லாம் தாண்டி ஏழு வருடம் பின்னால் போனேன். இருந்தது. பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் போட்ட படம். "நம்ம கிரவுண்டுக்கு விடிவுகாலம்" என்று எழுதியிருந்தார். செம்மண் மைதானம், இடது மூலையில் ஒரு ரோட்டு ரோலர் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது, சுற்றி ஆட்கள். படத்துக்குக் கீழே வரிசையாகப் பதினைந்து கட்டைவிரல்கள். காதர் அண்ணனுடையது மூன்றாவது. என்னுடையது ஆறாவது.

அன்று நான் அந்தப் படத்தைப் பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கட்டைவிரலை மட்டும் போட்டிருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முந்தைய பதிவை இப்போது அழிக்கவும் முடியாது.

6

இரண்டு நாள் கழித்து சேசுவே அழைத்தான். இங்கே சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. அங்கே விடிகாலைப் பயிற்சி நேரம். பின்னால் பையன்கள் கத்துவதும் விசில் சத்தமும் கேட்டன.

"ஏலே, சாப்ட்டியா?"

"இனிமேத்தான். நீ?"

"இங்க இப்பந்தான விடிஞ்சிருக்கு. பயலுவ ஓடுதானுவ." ஒரு விசில் ஊதினான். "மனுவப் படிச்சேம்ல. பிரின்சிபாலு கூப்ட்டு கையில குடுத்தாரு. நல்லா எழுதியிருக்கே."

"நான்னு எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"ஏழடின்னு எழுதியிருந்தியே. அத அளந்தது யாரு? எங்காலாலதானலே அளந்தோம்."

அவனே தொடர்ந்தான்.

"அது கெடக்கட்டும். ஒண்ணு தப்பா எழுதியிருக்கே. தூக்கிப் போடுதது நம்ம ஆட்ட முறைன்னு. முறையாலே அது? தரையில விட்டா கல்லுல பட்டு எவங்கிட்டயோ போவும். அதுக்குப் பயந்துல்லா தூக்குனோம். இப்பம் தரை தாம்பாளம் மாதிரி கெடக்கு. இந்தப் பயலுவ எல்லாம் என் தோளுக்குத்தான் வாரானுவ. எவன் தலைக்குலே தூக்கச் சொல்லுதே?"

"கோவமா இருக்கியாலே?"

"கோவந்தான். பின்ன இருக்காதா? பள்ளிக்கூட வேலைய விட்டுட்டு வந்துருக்கேன். ரெண்டு பிள்ளையும் படிக்கி. ஒனக்குத் தெரியும்லா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான எழுதுனே."

மன்னித்துவிடு என்றேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பையன் ஒருவனைப் பார்த்து, "தட்டுலே, பக்கத்துல நிக்கவனப் பாத்துத் தட்டு" என்று கத்திவிட்டுத் திரும்ப வந்தான்.

"அட்டை வந்துட்டு, டிசம்பர்ல வாறேன்" என்றேன்.

"வா" என்றான். அவ்வளவுதான். வழக்கமாக அந்த ஒரு சொல்லோடு விடுகிறவன் இல்லை அவன். பிறகு தானாகவே சொன்னான்.

"கிரவுண்ட நெரத்த ரோலர் வந்துச்சுல்லா, அன்னைக்கு நானும் அங்கனதான் நின்னேன். நேரா அந்த மூலையப் பாத்துப் போவுது. குழி கெடக்கு, நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். சொல்லல. நம்ம ரெண்டு பேருக்குள்ளன்னு சத்தியம் பண்ணோம்லா. முன் உருளை முங்கிட்டு. ரெண்டு நாளு வேலை கெடந்துச்சு. அந்த டிரைவரு எல்லாரையும் கண்டமேனிக்கு ஏசுதான். அப்பவும் நான் வாயத் தொறக்கலலே."

விசில் சத்தம் கேட்டது. "சரி, வைக்கேன்" என்று வைத்துவிட்டான்.

7

சொந்த மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் சேசுவின் பையன்கள் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார்கள். குழு அமைதியாக இருக்கிறது. நானும் காணொளி பார்த்தேன். இடது மூலையிலிருந்து ஒரு குள்ளப் பையன் பந்தைத் தரையோடு தட்டிக்கொண்டு போனான். குழி இருந்த இடத்தின் மேலேயேதான் ஓடினான். இந்த வெற்றியால் சேசுவின் வேலை நிலைக்கும் என்று சொல்ல முடியாது. மார்ச்சில்தான் தெரியும். மனு தள்ளுபடி ஆனாலும் அவனுடைய கோப்பில் அது இருக்கும். கோப்புகளோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

டேல் இன்னும் புலம்புகிறான். இப்போது நான் சிரிப்பதில்லை. போன வாரம் அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன், "நீ மைதானத்துக்குப் போய்ப் பார்த்தாயா?" என்று. முதல் ஆட்டத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நேரில் போகிறானாம். அப்படியானால் அவன் புலம்பலாம்.

மதியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். ரோலர் விஷயத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இப்ப என்னப்பா பண்ணப் போறீங்க?" என்றாள். மனுவை எழுதியது நான்தான் என்று முதல்வருக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன், அடுத்தது இந்தக் குறிப்பு என்றேன். கடிதத்தைக் காட்டச் சொன்னாள். நேராகக் கடைசி வரிக்குப் போய் விரலை வைத்துப் படித்தாள். இதையும் அப்படித்தான் படிப்பாள்.

மேலே சொன்ன மனுவை எழுதியது நான். குழியைப் பற்றி வெளியே சொன்னதும் நான். அப்போது போடாமல் விட்ட பெயரை, இந்த ஊருக்காகப் பாதியைக் கழித்துவிட்ட பெயரை, முழுதாக இங்கே போடுகிறேன்.

சுடலைமுத்து,
இடது பின்கள ஆட்டக்காரன்.